வெள்ளம் வடிந்த பிறகு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இலக்கியச் சுவை மிக்க பேச்சுகளைக் கேட்டுப் பழகியது இவ்வவை. அத்தகைய அவையில் வெள்ளத்தையும் சேற்றையும் காப்பீட்டுத் தாளையும் பற்றிப் பேச முன்வந்திருக்கின்றேன். இது தமிழ் மேடைக்கு ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவப் பெருந்தகை, மழை தரும் நன்மையைக் கூறியதோடு நில்லாமல், அதனால் வரும் கேட்டையும் அங்கேயே குறிப்பிட்டார். ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானது அன்று.

மேலும், மும்பையிலும் அதன் புறநகர்களான கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர் ஆகிய இடங்களிலும் வாழும் நம்மவர் வீடு வாங்கும் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஊரில் இருந்த கால் காணியை விற்கின்றோம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கின்றோம். எஞ்சியதற்கு வங்கியில் இருபது ஆண்டுக் கடன் படுகின்றோம். இத்தனையும் சேர்த்து வாங்கும் அந்த ஒரு வீடு, விலை சற்றுக் குறைவு என்பதாலும், வயது முதிர்ந்த தாய் தந்தையர் படி ஏற வேண்டாம் என்பதாலும், பல குடும்பங்களுக்குத் தரைத்தளமாகவே அமைந்து விடுகின்றது. ஒருவரது வாழ்நாள் உழைப்பெல்லாம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கின்றது என்றால் அது மிகையாகாது. மழை நீர் ஏறுவதும் அந்த ஓரடிதான்.

இன்று நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. வெள்ளம் ஒரு பங்கைக் கெடுக்கின்றது. வெள்ளம் வடிந்த பின் முதல் பத்து நாள்களில் நாம் காட்டும் அவசரமும் தாமதமும் மற்றொரு பங்கைக் கெடுக்கின்றன. முதற் பங்கைத் தடுப்பது தனி மனிதனால் ஆவதன்று. இரண்டாம் பங்கைத் தடுப்பது முற்றிலும் நம் கையில் இருக்கின்றது. எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்ற ஒழுங்கை அறிந்தவர்க்கு வீடும் விரைவில் உலரும். இழப்பீடும் தடையின்றிக் கிடைக்கும்.

முதலில் நாம் குடியிருக்கும் நிலத்தின் இயல்பை நோக்குவோம். மும்பை, ஏழு தீவுகளுக்கு இடையே இருந்த கடலையும் சதுப்பையும் தூர்த்து உருவாக்கிய நகரம். அதன் பழைய மழைநீர் வடிகால்கள், கடல் இறங்கியிருக்கும் வேளையில் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை வெளியேற்றும் அளவுக்கே அமைக்கப்பட்டவை. வடிகாலின் வாய் கடலை நோக்கித் திறந்திருக்கின்றது. கடல் ஏறும் நேரத்தில் பெருமழையும் பெய்தால் நீர் செல்வதற்கு இடமில்லை. தெருவிலும் பிறகு வீட்டிலும் தேங்குகின்றது.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் நிகழ்ந்தது இதுவே. அன்று காலை தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் அதே காலத்தில் பெய்தது சுமார் 73 மில்லிமீட்டர் மட்டுமே. விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரைச் சுமந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் குடாவில் கலக்கும் மித்தி ஆறு கரை புரண்டது. குர்லாவும் காலினாவும் நீரில் மூழ்கின. அதே நாளில் உல்லாஸ் ஆறு பெருகிக் கல்யாண், பத்லாபூர்ப் பகுதிகளையும் வளைத்துக் கொண்டது. மகாராஷ்டிர மாநிலத்தில் அவ்வெள்ளத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பின்னர் 2019ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வண்டி வெள்ளத்தில் சிக்கி நின்றதையும், பயணிகள் படகுகளில் மீட்கப்பட்டதையும் நாடே கண்டது. அதுவும் உல்லாஸ் ஆற்றின் செயலே.

இவற்றால் நாம் அறிவது யாது? பக்கத்துப் பேட்டையில் மழை இல்லை என்பது நமக்குக் காவலாகாது. இருபது ஆண்டுகளாக நம் வாயிற்படியை நீர் தொடவில்லை என்பதும் காவலாகாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழி. அணை போட நம்மிடம் வசதி இல்லாவிடினும், ஆயத்தமாக இருக்க வசதி உண்டு.

நிற்க. வெள்ளம் வடிந்து, நாம் வீடு திரும்புகின்றோம் என்று கொள்வோம். அப்போது முதற் கடமை உயிரைக் காப்பது. வெளியே நின்றபடியே சுவர்களைப் பாருங்கள். புதிய வெடிப்போ, வயிறு தள்ளியது போன்ற புடைப்போ இருந்தால் உள்ளே செல்லலாகாது. கட்டடம் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டிய பின்னரே நுழைய வேண்டும். மின்சாரத்தின் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அதைத் தொடுவதற்குத் தண்ணீரில் நிற்க வேண்டிய நிலை இருப்பின் தொடாதீர்கள். மின்சார அலுவலகத்தாரை அழைத்து வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். சமையல் எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, வாயு நாற்றம் இல்லை என்று உறுதியான பின்னரே தீக்குச்சியைக் கையில் எடுக்க வேண்டும். கட்டிலின் அடியிலும் அடுப்பு மேடையின் கீழும் பாம்பு ஒதுங்கியிருக்கக் கூடும். ஒரு கழியால் தட்டிப் பார்ப்பது நலம்.

வெள்ளநீர் வெறும் மழைநீர் அன்று. சாக்கடையும் எலியின் சிறுநீரும் கலந்தது அது. 2005ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் மும்பையில் எலிக்காய்ச்சல் பரவியதைப் பலர் அறிவீர்கள். காலில் சிறு வெடிப்போ புண்ணோ இருந்தாலும் அக்கிருமி அதன் வழியே உடலில் புகும். ஆகவே ரப்பர்ப் பூட்ஸும் கையுறையும் இன்றிச் சேற்றில் இறங்கலாகாது. வெள்ளநீரில் நடந்தவர்க்கு இரண்டொரு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், வெள்ளத்தில் நடந்த செய்தியை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

உயிருக்கு அடுத்தபடி, துடைப்பத்தைத் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதில்தான் நம்மவரிற் பலர் இடறுகின்றனர். வீட்டைச் சுத்தமாக வைத்துப் பழகிய நம் தாய்மார்களுக்குச் சேற்றைக் கண்ட மாத்திரத்தில் கை துறுதுறுக்கும். கழுவித் துடைத்து, கெட்டவற்றை வாரித் தெருவில் எறிந்து, கோலமும் போட்டு விடுவார்கள். அதன்பின் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்போது வீடு பளிச்சென்று இருக்கும்; இழப்புக்குச் சான்று எங்கும் இராது.

இதனை என் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றேன். ரயில்வே பார்சல் அலுவலகத்துக்கு நனைந்த மூட்டை ஒன்று வருகின்றது. அதற்குரியவர் அதைப் பார்த்தவுடன், "திறந்து காட்டி ஒப்படையுங்கள்" என்று கேட்கலாம். ஓப்பன் டெலிவரி என்று நாங்கள் வழங்கும் அம்முறைக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலேயே இடம் உண்டு. ஊழியர் முன்னிலையில் மூட்டை பிரிக்கப்படும். எவ்வளவு கெட்டது என்று அங்கேயே எழுதப்படும். அவ்வாறு கேளாமல் கையெழுத்திட்டு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு வாரம் கழித்து வந்து, உள்ளே எல்லாம் நனைந்திருந்தன என்று கூறுபவரும் உண்மையையே கூறலாம். ஆயினும் அவர் கையில் தாள் இல்லை. நிகழ்ந்த இடத்தில், நிகழ்ந்த நேரத்தில் எழுதிய ஒரு வரிக்குள்ள வலிமை, பின்னர் எழுதும் பத்துப் பக்க மனுவுக்கு இல்லை. வெள்ளத்துக்கும் இதுவே விதி.

ஆகவே, ஒவ்வோர் அறையின் நான்கு மூலைகளையும் கைப்பேசியில் படம் எடுங்கள். சுவரில் நீர் நின்ற கோட்டை, பக்கத்தில் ஓர் அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள். அந்தக் கோட்டின் மீது பென்சிலால் தேதியையும் குறியுங்கள். குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி முதலியவற்றின் முகத்தை மட்டுமன்றி, பின்புறத்தில் எண் பொறித்த தகட்டையும் படம் எடுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில், பொருள், வாங்கிய ஆண்டு, ஏறத்தாழ விலை, இப்போதைய நிலை என்று நான்கு பத்தி இட்டு எழுதுங்கள். வீட்டில் என்ன இருந்தது என்பதை ஆண்களை விடப் பெண்களே நன்கு அறிவர். ஆதலின் இப்பட்டியலைத் தாய்மார்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதுவதே சிறந்த முறை.

அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் செய்தி தெரிவித்து, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும். வருவாய்த்துறையினர் தலாட்டியின் வழியே பஞ்சநாமா எழுத வந்தால், நம் வீடு அதில் சேர்ந்துள்ளதா என்று பார்த்து, இயன்றால் படியும் பெற வேண்டும். அரசு வழங்கும் நிவாரணம் வேறு, காப்பீட்டு இழப்பீடு வேறு. எனினும் அந்தப் பஞ்சநாமா இரண்டுக்கும் துணை நிற்கும்.

இனி, சுத்தம் செய்தல். இதற்கு ஒரு நாளும் தாமதம் ஆகாது. ஈரமான துணியிலும் மரத்திலும் தாளிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் தொடங்கி விடும். படமும் பட்டியலும் முடிந்த பின், சர்வேயர் வரட்டும் என்று சேற்றோடு காத்திருப்பது தவறு. மேலும் கெடாமல் பொருள்களைக் காப்பது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசியிலேயே கூறப்பட்டிருக்கின்றது. ஆனால் கெட்ட பொருள்களை எறிந்து விடலாகாது; ஒரு மூலையில் சேர்த்து வைக்க வேண்டும். அழுகி நாறும் மெத்தை, உணவுப் பண்டம் போன்றவற்றை வைத்திருக்க இயலாது அல்லவா? அவற்றைப் படம் எடுத்து, மெத்தையில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்த பின் அப்புறப்படுத்தலாம்.

சேறு ஈரமாக இருக்கும்போதே வாரி விட வேண்டும்; காய்ந்தால் சிமென்டு போல் இறுகி விடும். சுவரை மேலிருந்து கீழாகக் கழுவி, சோப்பு நீரால் தேய்த்து, அதன் பிறகே பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை இட வேண்டும். சேற்றின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவதால் பயன் சிறிதே. அதனோடு அமிலத்தையோ, கழிப்பறைக்கென விற்கும் வேறு திரவங்களையோ கலந்தால் நச்சு வாயு எழும், ஒருபோதும் கலவாதீர்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் தரைக்குக் கீழுள்ள குடிநீர்த் தொட்டியைப் பலர் மறந்து விடுகின்றனர். வெள்ளம் புகுந்த தொட்டியை முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, கிருமிநீக்கம் செய்யாமல் அந்நீரை மேலே ஏற்றலாகாது. அதுவரையில் மட்டுமன்றி, அதன் பின்னும் சில நாள்களுக்கு நீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும். கார் நிறுத்தும் நிலத்தடித் தளத்தில் நீர் நிரம்பியிருந்தால், பம்பு வைத்து ஒரே மூச்சில் இறைக்கலாகாது. வெளியே மண் நீரூறிக் கனத்திருக்கும்போது உள்ளே நீர் திடீரென்று குறைந்தால், சுவர் உட்புறமாகச் சரியக்கூடும். நாளுக்குச் சிறிது சிறிதாகவே இறைக்க வேண்டும்.

உலர்த்துவதில் பொறுமை வேண்டும். இங்கே ஜூலை மாதத்துக் காற்றே ஈரம் நிறைந்தது. ஆதலின் மழை ஓய்ந்த நேரத்தில் சன்னல்களைத் திறப்பதும், எலெக்ட்ரீஷியன் வயரிங்கைச் சோதித்து ஒப்புதல் கூறிய பின் மின்விசிறிகளை ஓட விடுவதும், பீரோ, அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைப்பதும் இன்றியமையாதவை. தேக்கு மரச் சாமான்களை நிழலில் மெல்ல உலர்த்தினால் பெரும்பாலும் பிழைக்கும். வெயிலில் வைத்தால் பிளக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் ஊதிப் போனால் திரும்பா.

செங்கற் சுவரும் பூச்சும் உலர வாரக் கணக்கில் ஆகும். பண்டிகைக்கு முன் வெள்ளை அடித்து விட வேண்டும் என்று அவசரப்பட்டால், வண்ணம் உரிந்து, உப்புப் பூத்து, இரட்டைச் செலவாகும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டடிச் சதுரமான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கண்டால் சுவர் இன்னும் உலரவில்லை என்பது பொருள்.

மின்சாதனங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நனைந்த குளிர்ப்பெட்டியை, "ஓடுகின்றதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறமிருக்க, குறுக்கு மின்னோட்டத்தால் அச்சாதனம் எரிந்து போனால், அந்தச் சாதனத்துக்கு இழப்பீடு இல்லை என்று வீட்டுப் பாலிசியின் விலக்குகளில் எழுதப்பட்டிருக்கின்றது. வெள்ளத்தால் கெட்டதா, சுவிட்சைப் போட்டதால் கெட்டதா என்ற வழக்குக்கு நாமே ஏன் இடம் தர வேண்டும்? எலெக்ட்ரீஷியன் மெக்கர் கொண்டு சோதித்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

தாள்களைப் பற்றியும் கூற வேண்டும். கிரயப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, கல்யாணப் படங்கள் ஆகியவை நனைந்திருந்தால் ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்கலாகாது. சேற்றைத் தூய நீரில் மெல்ல அலசி, இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். உடனே செய்ய நேரமில்லையானால், பாலிதீன் உறையிலிட்டு உறைபெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காமல் நிற்கும். பின்னர் சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். பழஞ்சுவடி காப்போரும் நூலகத்தாரும் கையாளும் முறை இது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சான்றிதழ்களை இழந்தோர்க்கு நகல் வழங்கத் தமிழ்நாடு அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று. நம்மிற் பலர்க்கு அங்கே பெற்றோர் வாழும் வீடு உண்டு. இன்று நான் கூறுபவை அவ்வீடுகளுக்கும் பொருந்தும்.

அடுத்து, இன்ஷூரன்ஸ் என்று நாம் வழங்கும் காப்பீடு. ஆயுள் காப்பீடு இல்லாத குடும்பம் நம் காலனியில் அரிது. வண்டிக்குக் காப்பீடு இல்லாவிட்டால் போலீஸார் அபராதம் விதிப்பர். எனவே அதுவும் உண்டு. ஆனால் வீட்டுக்கு? பெரும்பாலோர் விடை, "வங்கியில் ஏதோ பிடித்தார்கள்" என்பதே. அந்த "ஏதோ" என்ன என்பதை வாங்கிப் படியுங்கள். வங்கி தன் கடனுக்கு ஈடான கட்டடத்துக்கு மட்டும் எடுத்த பாலிசியாக அது இருக்கலாம். வீட்டுக்குள் உள்ள பொருள்கள் அதில் சேராதிருக்கலாம்.

2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளைப்படி, நாடெங்கும் ஒரே அமைப்புடைய வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, நிலநடுக்கம், புயல் ஆகியவற்றோடு வெள்ளமும் நீர்ப்பெருக்கும் அதில் அடங்கும். முற்காலப் பாலிசிகளில் வெள்ளத்தை விலக்கிப் பிரீமியத்தைக் குறைத்துக் கொள்ள வழி இருந்தது. அதனால்தான், கையிலுள்ள தாளில் வெள்ளம் என்ற சொல் உண்டா என்று முதலில் தேடச் சொல்கின்றேன்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? இங்கே ஒரு மயக்கம் உண்டு. வீட்டின் சந்தை விலைக்குக் காப்பீடு தேவையில்லை. சந்தை விலையில் பெரும்பகுதி மனையின் விலை. மனையை வெள்ளம் கொண்டு போவதில்லை. மீண்டும் கட்ட என்ன செலவாகும் என்பதே கணக்கு. எடுத்துக்காட்டாக, உட்பரப்பு 500 சதுர அடியும், சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 2,500 ரூபாயும் என்று கொள்வோம். கட்டடத்துக்குரிய காப்பீட்டுத் தொகை 12,50,000 ரூபாய். கட்டடத்தோடு பொருள்களையும் சேர்த்து எடுத்தால், பாரத் கிருஹ ரக்ஷா முறையில் கட்டடத் தொகையின் 20 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும். நம் கணக்கில் அது 2,50,000 ரூபாய். அதற்கு மேலும் வேண்டுமானால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக் கொள்ளலாம்.

பழைய முறையில் மற்றொரு கண்ணியும் இருந்தது. 10 லட்சம் பெறுமானமுள்ளதை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவர்க்கு 2 லட்சம் இழப்பு ஏற்பட்டால், பாதி மதிப்புக்கே காப்பீடு செய்தீர் என்று கூறி 1 லட்சமே தருவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தக் கழிவு இல்லை. பரப்பு முதலிய விவரங்களை உண்மையாகக் கொடுத்திருந்தால், காப்பீட்டுத் தொகை வரையில் இழப்பு முழுவதும் கிடைக்கும். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு, இழப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு வரை இடம் உண்டு. வெள்ளம் போன்ற நிகழ்ச்சியை ஒட்டி ஏழு நாள்களுக்குள் அதன் காரணமாகத் திருட்டு நேர்ந்தால் அதற்கும் இடம் உண்டு. வீடு குடியிருக்கத் தகாததாகி வேறிடத்தில் தங்க நேர்ந்தால், அந்த வாடகைக்கும் வழி உண்டு.

இதில் சேராதவை எவை? ரொக்கப் பணம், காசோலை, பத்திரங்கள், வண்டிகள் ஆகியவை சேரா. நகைகளுக்குத் தனியே மதிப்புக் குறித்துக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். நாள்பட்ட கசிவும் தேய்மானமும் வெள்ளம் ஆகா. ஸ்கூட்டருக்கும் காருக்கும் வாகனப் பாலிசியே துணை. அதிலும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் நம் வண்டியின் வெள்ள இழப்புக்கு ஒன்றும் கிடைக்காது. நீர் வாயிலில் வந்து நின்ற பிறகு ஏஜெண்டைத் தேடுவதும் பயனற்றது. நிகழ்ந்து விட்ட இழப்பை எந்தப் பாலிசியும் ஏற்காது. ஆகவே மே மாதமே இதற்கு உரிய மாதம்.

"எனக்குச் சொந்த வீடு இல்லை, குவார்ட்டர்ஸில் இருக்கின்றேன்" என்று கூறும் அன்பர்களே! கட்டடம் ரயில்வேக்கோ வீட்டுக்காரருக்கோ உரியது. ஆனால் உள்ளே இருக்கும் கட்டிலும் பீரோவும் தையல் இயந்திரமும் உங்களுடையவை. பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்க விதி இடம் தருகின்றது. கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் இருப்போரும், சொசைட்டி எடுத்துள்ள பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கே உரியது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இழப்பீடு கோரும் முறை கடினமானதன்று. இழப்பைக் கண்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் உரிய படிவத்தை நிறைவு செய்து தர வேண்டும். சர்வேயரை நியமிப்பது நிறுவனம். அவரது கட்டணமும் நிறுவனத்தைச் சார்ந்தது. நாம் கொடுக்க வேண்டியதில்லை. அவர் வரும்போது படங்கள், பட்டியல், கிடைத்த ரசீதுகள், கூலி கொடுத்த சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். இழப்பைக் கூட்டிச் சொல்ல வேண்டா. ஒரு பொய் கண்டால் ஒன்பது மெய்யும் ஐயத்துக்குள்ளாகும். குறைத்துச் சொல்லவும் வேண்டா. தொகை தீரும் வரையில் "முழுமையாகப் பெற்றுக் கொண்டேன்" என்ற தாளில் படிக்காமல் கையெழுத்திடவும் வேண்டா.

நிறுவனம் மறுத்தாலோ, குறைத்தாலோ முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர்க்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை மனநிறைவு தராவிட்டாலும், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். மும்பையிலேயே அவ்வலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நம் போன்ற எளியவர்க்கென்றே அமைந்த வழி அது.

அன்பர்களே! இவை யாவும் படித்தறிந்து செய்யக் கூடியவையே. ஆயினும் நம்மிடையே ஆங்கிலமும் மராத்தியும் படிக்க அறியாத முதியோர் இருக்கின்றனர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஓய்வூதியத்தில் தனித்து வாழும் தாய்மார்கள் தரைத்தள வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் வீட்டில் நீர் புகுந்தால் படம் எடுப்பவர் யார்? படிவம் எழுதுபவர் யார்? நம் சங்கம் பொங்கல் விழாவையும் நவராத்திரியையும் சிறப்புறக் கொண்டாடுகின்றது. அதே சங்கம் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பணிக்கு ஒதுக்கலாகாதா?

அந்த ஒரு நாளில் நம் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, முதியோர் வீடுகளின் பொருள்களைப் படம் எடுத்துப் பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். அதன் படி ஒன்றை வேற்றூரில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைக்கலாம். கிரயப் பத்திரத்தையும் சான்றிதழ்களையும் பாலிதீன் உறையிலிட்டுப் பரண் மேல் ஏற்றி வைக்கலாம். பாலிசி இருக்கின்றதா, வெள்ளம் அதில் உண்டா, கெடு என்று முடிகின்றது என்று பார்த்துக் கூறலாம். எலெக்ட்ரீஷியன், பம்பு வாடகைக்குத் தருபவர், மின்சார அலுவலகம் ஆகியோரின் எண்களை அச்சிட்டு ஒவ்வொரு கதவின் பின்னும் ஒட்டலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை; பத்து இளைஞர்களின் ஒரு நாள் உழைப்பே போதும்.

மழை நம் ஊர்க் கிணறுகளையும் ஏரிகளையும் நிரப்பும் செல்வம். இங்கும் அது வெறுக்கத் தக்கதன்று. ஏரிகள் நிரம்பினால்தான் மும்பைக்குக் குடிநீர் பெருகும். மழை தன் கடமையைச் செய்யட்டும்; நாமும் நம் கடமையைக் காலத்தில் செய்வோம். செயற்குழுவினர் இக்கருத்தை ஏற்று, வரும் மே மாதத்துக்கான நாளை இவ்வாண்டு விழாவிலேயே அறிவிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக் கொள்கின்றேன்.